பழைய நோய்ச்சீட்டுகள் புகட்டும் பாடம்

கிராம வளர்ச்சி என்றவுடன் ஏரி, வாய்க்கால், சாலை, பள்ளிக்கூடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் பொதுச் சொத்துகள். எளிதில் கண்ணுக்குப் புலப்படாத பொதுச் சொத்து ஒன்றும் நம்மிடம் உண்டு. மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியின் பெயரிலும் எழுதி வைக்கப்படும் நோய்ச்சீட்டு, எக்ஸ்ரே படம், அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் தொகுப்பே அது. நோயாளி குணமடைந்து வீடு திரும்பியதும் அந்தச் சீட்டின் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், அதன் இரண்டாவது பயன் அப்பொழுதுதான் தொடங்குகிறது. ஒருவருடைய முறிந்த காலுக்கும் விழுந்த பல்லுக்கும் எழுதப்பட்ட குறிப்பு, பின்னால் வரப்போகும் பலருக்கு வழிகாட்டியாக அமையக்கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதில் கிராம மக்களாகிய நமக்குள்ள பங்கு யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பின்னோக்கு ஆய்வு

மருத்துவ ஆராய்ச்சியை இரு வழிகளில் நடத்தலாம். புதிய விதை நெல்லைச் சோதிக்க விரும்பும் உழவர், விதைக்கும் நாளிலேயே இரண்டு பாத்திகளைக் குறித்து, ஒன்றில் புதிய விதையையும் மற்றொன்றில் பழைய விதையையும் இட்டு, அறுவடை வரை காத்திருந்து அளந்து பார்க்கிறார். இது முன்னோக்கு முறை. மற்றொருவர், கிராம அடங்கல் கணக்கைப் புரட்டி, கடந்த பத்து ஆண்டுகளில் எந்தெந்த நிலத்தில் என்ன பயிர் வைக்கப்பட்டது, எது சாவியாயிற்று என்று பார்க்கிறார். இது பின்னோக்கு முறை. நிகழ்ச்சிகள் முன்பே நடந்து முடிந்துவிட்டன, எழுதியும் வைக்கப்பட்டுவிட்டன. இனிச் செய்ய வேண்டியது, ஒரு கேள்வியைக் கையில் கொண்டு அந்த ஏடுகளை ஒழுங்காகப் படிப்பதே.

மருத்துவமனைகளிலும் இவ்வாறே செய்கின்றனர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் ஒரு குறிப்பிட்ட சிகிச்சை பெற்ற அனைவருடைய சீட்டுகளையும் எடுத்து, வயது, நோய், செய்யப்பட்ட சிகிச்சை, பின்விளைவு ஆகியவற்றை அட்டவணைப்படுத்துகின்றனர். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

எலும்பு மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் இம்முறை மிகவும் பொருந்துகிறது. இவ்விரு துறைகளிலும் விளைவு மெதுவாகவே வெளிப்படும். மாற்று மூட்டு பொருத்தப்பட்டவர் அடுத்த மாதமே நடந்துவிடலாம்; ஆனால் அந்த மூட்டு உறுதியாக நிற்கிறதா என்பது பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியும். ஈறு நோயால் பல் ஆட்டங்காண்பதும் பல ஆண்டுகள் நீளும் செயல். மேலும், எக்ஸ்ரே படம் இவ்விரு துறைகளுக்கும் உற்ற சாட்சி. ஒருவர் சொன்ன சொல் மறந்து போகலாம். அன்று எடுத்த படம் மாறுவதில்லை.

போஸ்டன் நகரத்து முன்னோடி

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். சிகிச்சை பெற்ற ஒவ்வொரு நோயாளியையும், குறைந்தது ஓராண்டுக்குப் பின்னராவது மீண்டும் பார்த்து, சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லையெனில் ஏன் என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும் என அவர் வற்புறுத்தினார். இதனை 'இறுதி விளைவு' முறை என்று அவர் அழைத்தார். கேட்பதற்கு எளிய செய்திதான். ஆனால் அக்காலத்தில் பெரிய மருத்துவமனைகள் இதை விரும்பவில்லை. எனவே 1911-ஆம் ஆண்டில் அவர் தாமே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 தவறுகள் நேர்ந்தன என்று தாமே கணக்கெடுத்து, அவற்றை மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் 1920-இல் எலும்புப் புற்றுநோயாளிகளுக்கான பதிவேடு ஒன்றையும் தொடங்கி வைத்தார். ஒரு மருத்துவரிடம் வரும் எலும்புப் புற்று நோயாளிகள் மிகச் சிலரே. பல மருத்துவர்களின் சீட்டுகளை ஓரிடத்தில் சேர்த்தாலன்றி அந்நோயைப் பற்றி உறுதியாக எதையும் கூற இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தாடை எலும்பு தந்த எச்சரிக்கை

பழைய சீட்டுகளால் விளைந்த நன்மைக்குச் சிறந்த சான்று ஒன்றைக் கூறுவோம். இது எலும்பு மருத்துவமும் பல் மருத்துவமும் சந்திக்கும் இடம்.

எலும்பு மெலிவு நோய்க்கும், புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நிலைக்கும் 'பிஸ்பாஸ்பொனேட்' என்னும் வகையைச் சேர்ந்த மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. நம் உடலில் எலும்பு ஒருபுறம் கரைந்துகொண்டும் மறுபுறம் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. இம்மருந்துகள் கரைவதைத் தடுக்கின்றன. இவற்றால் எலும்பு முறிவு குறைந்து எண்ணற்றோர் பயனடைந்துள்ளனர்.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரத்து வாய்-தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், இம்மருந்துகளைப் பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு பட்டுப்போய் வாய்க்குள் வெளியே தெரிந்ததாக ஒரு மருத்துவ இதழில் தெரிவித்தார். அடுத்த ஆண்டில் ரகிரோ என்ற அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும், 2001 பிப்ரவரி முதல் 2003 நவம்பர் வரை தங்களிடம் வந்தவர்களின் சீட்டுகளைப் பின்னோக்கி ஆராய்ந்து 63 பேரின் விவரத்தை வெளியிட்டனர். இவர்களுள் 56 பேர் இரத்தக் குழாய் வழியாக ஓராண்டுக்குக் குறையாமல் மருந்து ஏற்றிக்கொண்டவர்கள். 7 பேர் நெடுங்காலமாக மாத்திரை உட்கொண்டவர்கள். பல் பிடுங்கிய குழி ஆறாமல் நிற்பது, அல்லது தாடை எலும்பு வெளியே தெரிவது, இவையே பெரும்பாலும் காணப்பட்ட குறிகள்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மருந்தை எழுதிக் கொடுத்தவர் புற்றுநோய் மருத்துவர் அல்லது எலும்பு மருத்துவர். பல்லைப் பிடுங்கியவர் பல் மருத்துவர். ஆறாத புண்ணைக் கண்டவர் வேறொரு அறுவை மருத்துவர். ஒவ்வொருவரும் யானையின் ஓர் உறுப்பையே தொட்டுப் பார்த்தனர். நோயாளி உட்கொண்ட மருந்தின் பெயர் சீட்டில் எழுதப்பட்டிருந்தமையால்தான், அச்சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது யானை முழுவதும் தெரிந்தது. அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால் இந்த உண்மை வெளிப்பட இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதன் பயனாக, இன்று இம்மருந்துகளைத் தொடங்குவதற்கு முன்னரே பல் மருத்துவரிடம் வாயைக் காட்டி, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி, புண் ஆறிய பின் மருந்தைத் தொடங்குவது நல்லதென மருத்துவர்கள் அறிவுரை கூறுகின்றனர். மருந்து உட்கொண்டு வருபவர் பல் பிடுங்கச் செல்லும்போது அதனைப் பல் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 63 பேருக்குத் தீங்கு நேர்ந்தது என்று அந்த ஆய்வு காட்டிற்று. மருந்து உட்கொண்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பதை அந்தச் சீட்டுகள் காட்ட இயலாது. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகளிலிருந்து, எலும்பு மெலிவுக்காக மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இத்தீங்கு மிக அரிதாகவே நேர்கிறது என்பதும், புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி வழியாகப் பெறுபவர்களுக்கே அபாயம் கூடுதல் என்பதும் தெளிவாயின. ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. பின்னோக்கு ஆய்வு மணியடித்து எழுப்பும். விடிந்துவிட்டதா என்பதை வேறு வழிகளிலும் பார்த்தே அறிய வேண்டும்.

வந்தவர்களும் வராதவர்களும்

பல் மருத்துவத்தில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படும் ஆய்வு ஒன்று 1978-இல் வெளியாயிற்று. ஹிர்ஷ்ஃபெல்ட், வாசர்மன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர்கள், ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றுச் சராசரியாக 22 ஆண்டுகள் தொடர்ந்து பராமரிக்கப்பட்ட 600 பேரின் குறிப்புகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 300 பேர் ஈறு நோயால் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை. 199 பேர் 1 முதல் 3 பற்களை இழந்தனர். 76 பேர் 4 முதல் 9 வரையும், 25 பேர் 10 முதல் 23 வரையும் இழந்தனர். ஈறு நோய் வந்தால் பற்கள் யாவும் போய்விடும், பல்செட்டைத் தவிர வேறு கதியில்லை என்ற எண்ணம் தவறென்பதை இந்த எண்கள் நன்கு உணர்த்துகின்றன.

எனினும் ஊன்றிப் பார்க்கும் வாசகர் ஒரு கேள்வி கேட்பார். 22 ஆண்டுகள் விடாமல் வந்தவர்கள் எத்தகையோர்? தம் பற்களில் அக்கறையுள்ளவர்கள், வசதியுள்ளவர்கள், சொன்னபடி நடப்பவர்கள். இடையில் வராமல் நின்றுவிட்டவர்களின் பற்கள் என்னவாயின? அது அந்தக் குறிப்புகளில் இல்லை. எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் விளைவு இவ்வளவு நன்றாக இருந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

பின்னோக்கு ஆய்வுகளின் பெருங்குறை இதுவே. முறிந்த காலுக்குத் தகடு வைத்துக்கொண்டு சென்றவர் மறுபடி வரவில்லை என்றால், அவர் நலமாக நாற்று நடுகிறாரா, அல்லது கால் கோணி, வேறு மருத்துவமனைக்கோ கட்டு வைத்தியரிடமோ சென்றுவிட்டாரா என்பது தெரியாது. சீட்டில் வெற்றிடமே இருக்கும். அந்த வெற்றிடத்தை 'நலம்' என்று படிப்பதும் பிழை. 'கேடு' என்று படிப்பதும் பிழை.

காரணமா, உடன் நிகழ்வா?

முதியவர் தடுக்கி விழுந்து இடுப்பு மூட்டின் அருகே தொடை எலும்பு முறிவது நாம் அடிக்கடி கேள்விப்படும் துன்பம். எழுந்து நடமாட முடியாமற் போவதால் இது உயிருக்கே ஆபத்தாவதுண்டு. அறுவை சிகிச்சை தாமதமானவர்களிடையே மரணம் அதிகம் என்று பல பின்னோக்கு ஆய்வுகள் தெரிவித்தன. அப்படியானால் தாமதமே மரணத்துக்குக் காரணம் என்று கூறிவிடலாமா? சற்று நிதானிக்க வேண்டும். இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ள முதியவருக்கு உடனே அறுவை செய்யத் தயங்கி, உடல்நிலை சீராகும் வரை மருத்துவர்கள் காத்திருந்திருக்கலாம். அங்கே மரணத்துக்குக் காரணம் தாமதமா, முன்பிருந்த நோயா? சீட்டை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம்.

இதைத் தெளிவுபடுத்த 17 நாடுகளில் 69 மருத்துவமனைகளில் 2,970 நோயாளிகளைக் கொண்டு முன்னோக்கு ஆய்வு ஒன்று நடத்தப்பட்டு, 2020-இல் அதன் முடிவு வெளியாயிற்று. யாருக்கு விரைந்து அறுவை செய்வது, யாருக்கு வழக்கமான நேரத்தில் செய்வது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்திலும், மற்றப் பிரிவினருக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்திலும் அறுவை நடந்தது. 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் முறையே 100-க்கு 9 பேரும் 10 பேரும். இது குறிப்பிடத்தக்க வேறுபாடன்று. ஆயினும் விரைந்து அறுவை செய்யப்பட்டவர்கள் முன்னதாகவே எழுந்து நடமாடினர். அவர்களிடையே சித்தக் குழப்பமும் குறைவாக இருந்தது. இம்முடிவிலிருந்து, நாட்கணக்கில் தாமதித்தாலும் கேடில்லை என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. ஒப்பிடப்பட்டவை 6 மணியும் 24 மணியுமே. கேள்வியை எழுப்பியவை பழைய ஏடுகள். விடையைச் செம்மைப்படுத்தியது புதிய சோதனை. இரண்டும் ஏரின் இரு மாடுகள் போன்றவை.

மருத்துவமனை வேறு, ஊர் வேறு

மற்றொரு நுட்பத்தையும் அறிவது நன்று. 1946-ஆம் ஆண்டில் ஜோசப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் கொண்டு ஊர் முழுவதையும் பற்றி முடிவு கட்டுவது தவறான வழியில் சேர்க்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இதற்கு நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்யலாம். முழங்கால் வலி மட்டும் உள்ளவர் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். பல்வலி மட்டும் உள்ளவர் கிராம்பை வைத்துக்கொண்டு காலந்தள்ளுவார். இரண்டு துன்பமும் ஒருங்கே உள்ளவரே பேருந்து ஏறி மருத்துவமனைக்கு வருவார். அங்குள்ள சீட்டுகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், முழங்கால் வலிக்கும் பல்வலிக்கும் ஏதோ நெருங்கிய உறவுண்டு என்று முடிவு கட்டக்கூடும்! ஊரில் அவ்வாறான உறவு இராது.

நம் பகுதிகளில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு முதலிய கட்டு வைத்தியத்தை முதலில் நாடுபவர்கள் பலர். அங்கே குணமானவர்கள் மருத்துவமனை ஏட்டில் வருவதில்லை. குணமாகாதவர்கள் மட்டுமே வருகின்றனர். ஆதலால் மருத்துவமனை ஏட்டைக் கொண்டு கட்டு வைத்தியத்தின் தோல்வியைக் கணக்கிட்டாலும் தவறு. கட்டு வைத்தியர் வீட்டுத் திண்ணையில் கேட்டு அதன் வெற்றியைக் கணக்கிட்டாலும் தவறு.

இக்குறைகளை நீக்கச் சில நாடுகள் நாடு தழுவிய பதிவேடுகளை வைத்துள்ளன. சுவீடன் நாட்டில் 1975-இல் முழங்கால் மாற்று மூட்டுக்கும், 1979-இல் இடுப்பு மாற்று மூட்டுக்கும் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. அந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் 1947 முதலே தனி எண் வழங்கப்பட்டு வருவதால், முதல் அறுவை ஓரூரிலும் மறு அறுவை வேறோரூரிலும் நடந்தாலும் இரண்டும் ஒருவருடையவையே என்று கண்டுகொள்ள முடிகிறது. எந்த வகை மூட்டு நீண்ட நாள் உழைக்கிறது, எது விரைவில் தளர்கிறது என்பது இவ்வாறுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

நாம் செய்ய வேண்டுவன

பழைய ஏட்டைப் படிப்பது மருத்துவர் வேலை. ஆனால் அந்த ஏட்டில் உண்மை இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. இது குறித்துக் கிராம மக்கள் மனத்திற்கொள்ள வேண்டியவை சில:

முதலாவது, கேட்ட கேள்விக்கு ஒளிக்காமல் விடை கூறுதல். அடிபட்டது எந்த நாள், முதலில் எங்கே கட்டுப் போட்டுக்கொண்டோம், புகையிலை உண்டா, பீடி உண்டா, நீரிழிவு உண்டா என்பவை வீண் விசாரணைகள் அல்ல. புகைபிடித்தலும் நீரிழிவும் எலும்பு கூடுவதையும் ஈறு ஆறுவதையும் தாமதப்படுத்துபவை. கட்டு வைத்தியரிடம் சென்றதைச் சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சி மறைப்பவர், தமக்கும் தீங்கு செய்துகொள்கிறார். ஏட்டிலும் பொய் ஏறுகிறது.

இரண்டாவது, உட்கொள்ளும் மருந்துகளைக் காட்டுதல். மாத்திரை அட்டையையோ மருந்துச் சீட்டையோ கையில் கொண்டு செல்வது நலம். 'வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று' என்பது எவருக்கும் பயன்படாது.

மூன்றாவது, சீட்டுகளைப் பேணுதல். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே படம் ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தைப் போல ஓர் உறையிலிட்டு, ஈரமும் கரையானும் படாமல் வைக்க வேண்டும். இப்பொழுது பல இடங்களில் விவரங்கள் கணிப்பொறியில் பதியப்பட்டாலும், ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது கையிலுள்ள சீட்டே உடனடிச் சான்று.

நான்காவது, குறித்த நாளில் திரும்பச் செல்லுதல். இதுவே எல்லாவற்றினும் தலையாயது. 'வலி இல்லை, எதற்காக ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டும்?' என்று கேட்பது இயல்பே. ஏழைக்கு ஒரு நாள் கூலி சிறிய பொருளன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் நலமாயிருப்பவர் திரும்பி வந்து 'நலம்' என்று எழுதச் செய்தால்தான், அந்தச் சிகிச்சை நல்லதென்று அடுத்தவருக்கு உறுதியாகக் கூற முடியும். நேரில் வர இயலாதவர் சரியான தொலைபேசி எண்ணையாவது தந்து, கேட்கும்போது விவரம் சொல்லலாம்.

இதில் ஊராட்சி மன்றங்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் பங்குண்டு. மறு பரிசோதனைக்குப் போக வேண்டிய முதியவர்களுக்கு நாளை நினைவூட்டுதல், துணைக்கு ஒருவரை அனுப்புதல், ஒரே நாளில் செல்பவர்களைச் சேர்த்து வண்டி ஏற்பாடு செய்தல் ஆகியவை பெருஞ்செலவில்லாத தொண்டுகள்.

பெயர் வெளிவருமா?

'என் நோயை ஊரறியச் செய்துவிடுவார்களோ?' என்ற அச்சம் சிலருக்கு எழலாம். பழைய சீட்டுகளை ஆராய விரும்பும் மருத்துவரும் தம் விருப்பப்படி ஏட்டைத் திறந்துவிட முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அடையாளம் நீக்கப்பட்ட பழைய குறிப்புகளை ஆராயும்போது ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் பெறுவதிலிருந்து விலக்களிக்க அக்குழுவால் முடியும். ஆனால் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். கட்டுரையில் வருபவை எண்களே, பெயர்கள் அல்ல.

நம் முன்னோர் ஏரிக்கரையில் மரம் நட்டபோது அதன் நிழல் தமக்கென்று எண்ணி நடவில்லை. 2001 முதல் 2003 வரை தாடைப் புண்ணோடு வந்த அந்த 63 பேரின் சீட்டுகளும் அத்தகையவையே. அவர்களுடைய துன்பம் நேர்ந்தது நேர்ந்ததே; ஆனால் அது எழுதப்பட்டிருந்தமையால், பின் வந்தவர்கள் மருந்துக்கு முன் பல்லைக் காட்டிக்கொள்ளக் கற்றனர். நம் ஊரில் முறியும் ஒவ்வோர் எலும்பும், ஆடும் ஒவ்வொரு பல்லும் இவ்வாறு பிறருக்குப் பாடமாகலாம். அதற்கு நாம் தர வேண்டியவை உண்மையான விடையும், குறித்த நாளில் ஒரு நடையும்தாம்.